கொடியைப் பார்ப்பதா, கூட்டத்தைப் பார்ப்பதா?

கேள்வி: 9 டிசம்பர் 2024, காலை 8.15

நேற்று சிரியத் தலைநகர் டமாஸ்கஸ் விழுந்தது. அதிபர் அசாத் மாஸ்கோவுக்கு விமானம் ஏறிவிட்டார். இங்கே சில இடதுசாரிகள் வெடி வெடிக்காத குறைதான். ஜனநாயகப் போராட்டம் என்று பெயர் வைத்து எங்கெல்லாம் கூட்டம் தெருவுக்கு வந்ததோ, அங்கெல்லாம் கடைசியில் லாபம் பார்த்தது அமெரிக்காதானே? ஹாங்காங்கில் அமெரிக்கக் கொடியையே பிடித்தார்கள். உலகத்தில் இரண்டு பக்கம்தான் உண்டு. ஏகாதிபத்தியத்துக்கு எதிரே நிற்கும் அரசுகளை இந்த நேரத்தில் விட்டுக்கொடுக்கலாமா? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்.

9 டிசம்பர், இரவு 10.40

ஹாங்காங்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அமெரிக்கக் கொடி பிடித்தார்களா? பிடித்தார்கள். 2019 செப்டம்பர் 8 அன்று அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு ஊர்வலமாகப் போய், எங்களுக்காக ஒரு சட்டம் போடுங்கள் என்று கேட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கும் வயிறு எரிந்தது.

அதே தெருக்களில் லியுங் குவோக்-ஹங் என்று ஒருவரும் நின்றார். 'நீள்முடி' என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். சே குவேரா படம் போட்ட சட்டையோடு சட்டமன்றத்துக்குள் போனவர். பிரிட்டிஷ்காரன் ஆண்டபோது அவனை எதிர்த்தும் தெருவில் நின்றவர். இருபது நாளைக்கு முன்னால், நவம்பர் 19 அன்று, அவருக்கு 6 ஆண்டு 9 மாதம் சிறை விதித்தார்கள். செய்த குற்றம், 2020இல் எதிர்க்கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க நடத்திய முன்தேர்தலில் கலந்துகொண்டது. சுதந்திரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பையும் தடை செய்தார்கள். அதை நெடுங்காலம் நடத்திய லீ சூக்-யான் சிறையில் இருக்கிறார்.

கொடி பிடித்தவர்கள் படம் உங்கள் கைபேசியில் இருக்கும். இந்த இருவர் படம் இருக்கிறதா?

9 டிசம்பர், இரவு 11.25

ஒரு திருத்தம். தொழிற்சங்கக் கூட்டமைப்பைத் 'தடை செய்தார்கள்' என்று எழுதிவிட்டேன். தடை போடவில்லை. 1990இல் தொடங்கிய அமைப்பு, 2021 அக்டோபரில் தானே கூடி, தானே வாக்கெடுத்து, தன்னைக் கலைத்துக்கொண்டது. பெய்ஜிங் போட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டம் கழுத்தில் கத்தி மாதிரி தொங்கியபோது எடுத்த வாக்கு. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். வெட்டுவதைவிடத் தானே அறுத்துக்கொள்ள வைப்பது மோசம் என்றுதான் படுகிறது, அது வேறு விஷயம்.

10 டிசம்பர், மாலை 6.10

நேற்று எழுதும்போது தேதியைக் கவனிக்காமல் போய்விட்டேன். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

யாசின் அல்-ஹாஜ் சாலிஹ். சிரியாக்காரர், எழுத்தாளர். 1980இல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, கம்யூனிஸ்ட் கட்சியின் எதிர்ப்பு அணியில் இருந்தார் என்று பஷாரின் அப்பா ஹாஃபெஸ் அல்-அசாத் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். பதினாறு ஆண்டுகள். அவர் மனைவி சமீரா கலீலும் இடதுசாரிதான், அவரும் நான்கு ஆண்டு உள்ளே இருந்தவர். 2011இல் மக்கள் எழுந்தபோது இருவரும் அவர்களோடு நின்றார்கள். 2013 டிசம்பர் 9 அன்று, டமாஸ்கஸுக்கு வெளியே டூமாவில் வைத்துச் சமீராவையும் வழக்கறிஞர் ரசான் ஸைத்தூனாவையும் இன்னும் இருவரையும் கடத்திப் போனார்கள். அந்த ஊர் அப்போது அசாத்தின் கையில் இல்லை. மதவாத ஆயுதக் குழுவின் கையில் இருந்தது. நால்வரும் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

நேற்றோடு பதினொரு வருஷம். நீங்கள் கேள்வி கேட்ட அதே நாள்.

அசாத் ஏகாதிபத்தியத்துக்கு எதிரே நின்றார் என்கிறீர்கள். சமீராவைப் போன்றவர்களை முதலில் உள்ளே போட்டது அசாத்தின் குடும்பம். அடுத்து அள்ளிப்போனது அவரை எதிர்த்தவர்களில் ஒரு கும்பல். நேற்று முன்தினம் டமாஸ்கஸுக்குள் நுழைந்தவர்களும் 2011இல் பூவும் தண்ணீர் பாட்டிலும் ஏந்தி ராணுவத்தின் முன் நின்ற பிள்ளைகளும் ஒன்றில்லை, அதில் உங்களோடு எனக்குச் சண்டையும் இல்லை. நான் வெடி வெடிக்கவில்லை. அசாத்தின் செட்னாயா சிறையின் கதவு திறந்த காணொளியை மட்டும் மூன்று தடவை பார்த்தேன்.

11 டிசம்பர், இரவு 9.05

ஒரு தோழர் ஜெர்மன் சோசலிஸ்ட் கார்ல் லீப்க்னெக்டை எடுத்து என் தலையில் போட்டிருக்கிறார். "முக்கிய எதிரி சொந்த நாட்டிலேயே இருக்கிறான்." நல்ல அடி. 1915 மே மாதத் துண்டறிக்கை. நாமெல்லாம் மேற்கோளோடு நிறுத்திக்கொள்கிறோம், துண்டறிக்கையைப் படிப்பதில்லை.

அதை எழுதியவர் ஜெர்மானியர். ஜெர்மன் மக்களின் முக்கிய எதிரி ஜெர்மனியில் இருக்கிறான் என்றார். கூடவே, மற்ற நாட்டுத் தொழிலாளர்கள் தங்கள் ஏகாதிபத்தியவாதிகளோடு மோதுகிறார்கள், அவர்களோடு சேர்ந்து நம்மவனை எதிர்ப்போம் என்றும் எழுதினார். இந்தப் பின்பாதியைத்தான் யாரும் சுவரில் எழுதுவதில்லை. வாஷிங்டனில் இருக்கிற தொழிலாளிக்கு எதிரி வாஷிங்டனில். சரி. பெய்ஜிங்கில் இருக்கிறவனுக்கு? அவனிடம் போய் "தம்பி, உன் முக்கிய எதிரியும் வாஷிங்டனில்தான் இருக்கிறான், கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று சொல்வதற்கு லீப்க்னெக்டை இழுப்பது அநியாயம். 1914 டிசம்பரில் போர்க் கடனுக்கு எதிராக நாடாளுமன்றத்தில் தன்னந்தனியாக வாக்களித்தவர் அவர். 'இந்த நேரத்தில் விட்டுக்கொடுக்கலாமா' என்று அன்று அவரையும்தான் கேட்டார்கள், அவர் கட்சிக்காரர்களே.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் சிம்மர்வால்ட் கிராமத்தில் போர் எதிர்ப்பாளர்கள் கூடினார்கள். உலகத்துச் சர்வதேசியவாதிகள் எல்லோரும் நாலே நாலு வண்டியில் அடங்கிவிட்டோம் என்று ட்ராட்ஸ்கி கிண்டல் அடித்தார். இன்று ஒரு வண்டிக்கு ஆள் சேருமா என்பது சந்தேகம். சேர்ந்தாலும் முன்சீட்டுக்குச் சண்டை நடக்கும்.

12 டிசம்பர், இரவு 11.50

'நீ எப்போதுமே இப்படி உத்தமனாகத்தான் இருந்தாயா?' என்று கேட்டவருக்கு.

இல்லை. 1989 ஜூன். எனக்குப் பத்தொன்பது வயது. மாணவர் அமைப்பில் கையெழுத்து நன்றாக இருக்கிறவன் என்று எனக்குப் பெயர். தியானன்மென் செய்தி வந்த மூன்றாம் நாள், எங்களுக்கு வகுப்பெடுத்த மூத்த தோழர் ஒரு தாளைக் கொடுத்தார். அதைப் பார்த்து விடுதி அறிவிப்புப் பலகைக்குச் சுவரொட்டி எழுதினேன். "பெய்ஜிங்கில் எதிர்ப்புரட்சி முறியடிக்கப்பட்டது." சிவப்பு மை. எழுத்து ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி. ஒரு பிழைகூட இல்லை என்று நானே எட்ட நின்று ரசித்தேன்.

அந்தச் சதுக்கத்தில் சர்வதேசிய கீதம் பாடினார்கள் என்பது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரியும். நாங்கள் கூட்டம் முடிந்ததும் பாடுகிற அதே பாட்டு. தொழிலாளர்கள் தனியாகத் தன்னாட்சிச் சங்கம் ஒன்று கட்டியிருந்தார்கள் என்பதும் தெரியாது. அதன் முகமாக இருந்த ஹான் டோங்ஃபாங், ரயில்வே மின் தொழிலாளி. விசாரணையே இல்லாமல் இருபத்திரண்டு மாதம் சிறையில் போட்டார்கள். காசநோய் பிடித்தது, ஒரு நுரையீரல் போயிற்று. சிகிச்சைக்கு அமெரிக்கா போனவரைத் திரும்ப உள்ளே விடவில்லை. ஹாங்காங்கில் உட்கார்ந்து 1994இலிருந்து சீனத் தொழிலாளர் போராட்டங்களைப் பதிவு செய்யும் அமைப்பை நடத்திவந்தார். மாணவர்கள் செய்ததைவிடத் தொழிலாளர்கள் செய்ததுதான் பெய்ஜிங் தலைமையைக் கலக்கியது என்று இப்போது நினைக்கிறேன். தண்டனை யாருக்குக் கடுமையாக விழுந்தது என்று பார்த்தாலே போதும். மரண தண்டனை வாங்கியவர்களில் மாணவர்களைவிடத் தொழிலாளர்களே மிகுதி.

என் சிவப்பு மைக்குள் ஹானும் அடக்கம். அவரைத்தான் எதிர்ப்புரட்சி என்று எழுதியிருக்கிறேன்.

14 டிசம்பர், இரவு 8.30

சற்று முன் வந்த செய்தி. தென்கொரிய நாடாளுமன்றம் 204 வாக்குகளில் அதிபர் யூன் மீதான பதவி நீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டது. கேள்வி கேட்ட நண்பருக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

டிசம்பர் 3 இரவு ராணுவச் சட்டம் என்று அறிவித்தபோது யூன் சொன்ன காரணம் ஞாபகம் இருக்கிறதா? வடகொரிய ஆதரவு தேசவிரோத சக்திகளை ஒழிக்கப்போகிறாராம். உறுப்பினர்கள் மதில் ஏறிக் குதித்து உள்ளே போய், 190க்குப் பூஜ்யம் என்று வாக்களித்து ஆறு மணி நேரத்துக்குள் அதைத் தூக்கி எறிய வைத்தார்கள். கொரியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு பொது வேலைநிறுத்தம் அறிவித்தது. பாட்டுக் கச்சேரிக்குக் கொண்டுபோகிற விளக்குக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டு இளம்பெண்கள் பனியில் நின்றார்கள்.

அமெரிக்கப் படை நிற்கிற நாட்டில் தெருவுக்கு வந்தால் நீ வடகொரியக் கைக்கூலி. சீனாவின் ஆளுகையில் தெருவுக்கு வந்தால் நீ அமெரிக்கக் கைக்கூலி. வசனம் ஒன்றுதான், நாட்டுப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். 1980 மே மாதம் குவாங்ஜூவில் மக்களை ராணுவம் சுட்டபோதும் 'பின்னால் வடகொரியா' என்றுதான் சொன்னார்கள். அமெரிக்கா அன்று யோசித்ததெல்லாம் ஒழுங்கு சீக்கிரம் திரும்ப வேண்டும் என்பதைத்தான். குவாங்ஜூவுக்கு நாம் எல்லோரும் அழுதோம். அதற்கு எந்த முகாமிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை.

15 டிசம்பர், காலை 7.20

தோழர்கள் கொஞ்சம் அதிகமாகவே பாராட்டிவிட்டீர்கள். அதனால் எனக்கு எதிராக நானே ஒரு சாட்சி.

2011 மார்ச். லிபியா. பெங்காசியைக் கடாஃபியின் படை நெருங்குகிறது. 1989 சுவரொட்டிக்குப் பிராயச்சித்தம் செய்கிற அவசரத்தில் இருந்தேன். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1973ஆம் எண் தீர்மானத்தை ஆதரித்து நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். பொதுமக்களைக் காக்க வான் பாதுகாப்பு என்று. மார்ச் 17 அன்று பத்து நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி வாக்களிக்காமல் ஒதுங்கின. வீட்டோ போடக்கூடியவர்களும் போடவில்லை. பொதுமக்களைக் காக்கப் போன விமானங்கள் அக்டோபர் 20 அன்று கடாஃபி தெருவில் அடித்துக் கொல்லப்படும்வரை திரும்பவில்லை. அதன் பிறகு அந்த நாடு இரண்டு அரசும் நூறு ஆயுதக் குழுவுமாகக் கிடக்கிறது.

கட்டுரை எழுதிய அதே வாரம் பஹ்ரைனில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை என்பதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. மார்ச் 14 அன்று சவூதிப் படை பாலம் தாண்டி உள்ளே நுழைந்தது. 16 அன்று முத்துச் சதுக்கத்திலிருந்து போராடிய மக்களை அடித்து விரட்டினார்கள். 18 அன்று சதுக்கத்தின் நடுவில் இருந்த முத்துச் சின்னத்தையே இடித்தார்கள், நினைவுகூட மிஞ்சக்கூடாது என்று. அமெரிக்கக் கடற்படையின் ஐந்தாம் பிரிவு நங்கூரம் போட்டிருப்பது அதே நாட்டில்தான். நடுவில் 17ஆம் தேதி, நியூயார்க்கில் லிபிய மக்களுக்காகக் கைகள் உயர்ந்தன. ஐந்தே நாள், இரண்டு நாடு. அன்றைக்கு ஒரு நாட்காட்டியை மேசையில் வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

கேள்வி கேட்ட நண்பர் லிபியாவைச் சொல்லி அடித்திருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. ஹாங்காங்கைச் சொன்னதால் தப்பித்தேன்.

15 டிசம்பர், மாலை 4.00

'உலகத்தில் இரண்டு பக்கம்தான்' என்பதற்கு ஒரு சின்னக் கதை. 1977 வரை சோமாலியா சோவியத்தின் நண்பன், எத்தியோப்பியா அமெரிக்காவின் நண்பன். எத்தியோப்பியாவில் ராணுவக் குழு சிவப்புக் கொடி ஏற்றியது. சோமாலியா எத்தியோப்பியாவின் ஓகடேன் பகுதி மீது படையெடுத்தது. ஒரே வருஷத்தில் இரு வல்லரசுகளும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. நேற்றுவரை சோமாலியா சோசலிச நாடு என்று பாடம் எடுத்தவர், மறுநாள் காலை என்ன சொல்லி வகுப்பை ஆரம்பித்திருப்பார் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆவல். அதைவிடக் கஷ்டம், எத்தியோப்பியாவிடமிருந்து விடுதலை கேட்ட எரித்ரியப் போராளிகளுக்கு. கியூபா பயிற்சி கொடுத்த ஆட்கள் அவர்களில் இருந்தார்கள். பிறகு அதே கியூபா எத்தியோப்பிய அரசுக்குத் துணை.

1971ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்காளிகள் செத்துக்கொண்டிருந்தபோது அமெரிக்காவும் சீனாவும் ஒரே பக்கம், பாகிஸ்தான் பக்கம். பாதுகாப்பு அவையில் மக்கள் சீனம் போட்ட முதல் வீட்டோ எதற்கு என்று நினைக்கிறீர்கள்? 1972 ஆகஸ்டில், வங்கதேசம் ஐ.நா.வில் சேரக்கூடாது என்பதற்கு.

17 டிசம்பர், இரவு 10.15

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் தமிழில் இந்த விவாதம் நடத்துவதற்கே அர்த்தமில்லை.

2009 மே 27, ஜெனீவா. போர் முடிந்ததாக அறிவித்து ஒன்பதாவது நாள். மனித உரிமைப் பேரவையின் சிறப்பு அமர்வில் இலங்கை அரசே தன்னைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. போர் முடிந்ததை வரவேற்று, உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாமையை வலியுறுத்தி. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. ஆதரித்தவர்கள் சீனா, ரஷ்யா, இந்தியா, பாகிஸ்தான். அதுகூடப் போகட்டும். கியூபா, பொலிவியா, நிகராகுவா, தென்னாப்பிரிக்கா. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர், கூடவே கனடா, சிலே, மெக்சிகோ.

சே படத்தைப் புத்தகத்தில் ஒட்டி வளர்ந்த எத்தனை பேருக்கு அன்று கியூபாவின் கை உயர்ந்ததைப் பார்க்க நேர்ந்தது. ஒரு நண்பர் அன்று இரவு சுவரிலிருந்த காஸ்ட்ரோ படத்தைக் கழற்றிவிட்டார். மறுவாரம் திரும்ப மாட்டினார். ஏன் என்று கேட்டேன். 'சுண்ணாம்பில் சதுரமாகத் தடம் தெரிகிறது, பார்க்கச் சகிக்கவில்லை' என்றார்.

கியூபாவுக்கு அவர்கள் கணக்கு. தலையீடு என்ற சொல்லைக் கேட்டாலே அவர்களுக்கு 1961இல் அமெரிக்கா ஏவிய பன்றிகள் வளைகுடாப் படையெடுப்பு நினைவுக்கு வரும், வரத்தான் செய்யும். பல பத்தாண்டுகளாக அமெரிக்கத் தடையில் வாழ்கிறவனுக்கு அந்தப் பயம் நியாயமானது. அந்த நியாயமான பயம் எங்கோ ஒரு கடற்கரையில் அடைபட்டுக் கிடந்தவர்களின் தலையில் இறங்கியது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே கையில் பிடிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

17 டிசம்பர், இரவு 11.40

எதிர்பார்த்த பதில் உடனே வந்துவிட்டது. '2012 மார்ச்சில் தீர்மானம் கொண்டுவந்தது யார்? அமெரிக்காதானே? அவர்களுக்கு என்ன திடீர்ப் பாசம்?'

பாசமெல்லாம் இல்லை. கொழும்பு சீனாவின் பக்கம் சாய்வது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 24க்கு 15 என்று நிறைவேறியது. 2009இல் ஆதரவாகக் கை தூக்கிய இந்தியா 2012இல் அமெரிக்காவோடு சேர்ந்து தூக்கியது, 2014இல் ஒதுங்கி நின்றது. யாருக்கும் அங்கே செத்தவர்கள் பற்றிக் கவலை இல்லை என்பதில் நாம் ஒத்துப்போகிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. 2012இல் அமெரிக்கத் தீர்மானம் வேண்டும் என்று மனுப் போட்டவர்களும் ஊர்வலம் போனவர்களும் உங்கள் நண்பர்களில் எத்தனை பேர்? நீங்களே போனீர்களா? அவர்களெல்லாம் அமெரிக்கக் கைக்கூலிகளா? வேறு கதவு திறக்காததால் அந்தக் கதவைத் தட்டினார்கள் என்று அவர்களைப் புரிந்துகொள்கிறீர்கள். ஹாங்காங் பிள்ளையை மட்டும் ஏன் புரிந்துகொள்ள முடியவில்லை?

18 டிசம்பர், இரவு 9.30

கேள்வி கேட்டவர் 'நானும் போனேன்' என்று எழுதியிருக்கிறார். இந்த நேர்மைக்குக் கைகொடுக்கிறேன். கூடவே ஒரு நல்ல இடக்கும் வைத்திருக்கிறார்: 'அப்படியானால் யாரிடமும் உதவி வாங்கலாம் என்கிறீர்களா? அசாத்தை எதிர்த்தவன் துருக்கியிடம் வாங்கலாமா?'

இதில் நான் தெளிவாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்கக்கூடாது, வாங்கினால் கதை முடிந்தது என்பதுதான் என் பழைய வாதம். பிறகு ஜேம்ஸ் கானலி ஞாபகம் வந்து தொலைத்தார். அயர்லாந்தின் தொழிற்சங்கத் தலைவர், மார்க்சியர். 1914இல் போர் தொடங்கியதும் தன் சங்க அலுவலக முகப்பில் பெரிய பதாகை கட்டினார்: 'நாங்கள் மன்னருக்கும் சேவகம் செய்யமாட்டோம், கைசருக்கும் செய்யமாட்டோம்.' கைசர் என்றால் ஜெர்மன் பேரரசர். இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இரண்டே ஆண்டில், 1916 ஈஸ்டர் எழுச்சிப் பிரகடனத்தில் ஏழு பேர் கையெழுத்து, அதில் ஒன்று கானலியுடையது. அந்தப் பிரகடனம் 'ஐரோப்பாவின் வீரமிக்க கூட்டாளிகள்' என்று ஒரு தொடர் சொல்கிறது. யார் அந்தக் கூட்டாளி? அதே கைசர். அவர் அனுப்பிய 20,000 துப்பாக்கிகளோடு வந்த கப்பல் கரை சேராமல் மூழ்கியது. மே 12 அன்று, காயத்தால் நிற்க முடியாத கானலியை நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டார்கள். கைசரின் கைக்கூலி என்று கானலியைச் சொல்ல எந்த இடதுசாரிக்காவது வாய் வருமா?

லெனின் வந்த ரயிலும் அப்படித்தான். 1917 ஏப்ரலில் ஜெர்மனி வழிவிட்டது, ரஷ்யாவைப் போரிலிருந்து கழற்ற. லெனின் ஏறினார். ஏறியவர் ஜெர்மனிக்கு வேலை பார்க்கவில்லை, தன் வேலையைப் பார்த்தார் என்று நாம் பெருமையாகச் சொல்வோம்.

18 டிசம்பர், இரவு 10.50

மேலே எழுதிய கடைசி வரியில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ரயிலுக்குக் கட்டணமே கொடுக்கவில்லை என்பது மாதிரி எழுதிவிட்டேன். 1918 மார்ச் 3, ஜெர்மனியோடு ப்ரெஸ்ட்-லிடோவ்ஸ்க் சமாதான ஒப்பந்தம். உக்ரைன், போலந்து, பால்டிக் பகுதிகள் எல்லாம் கை நழுவின. அது ரயிலுக்கான கட்டணம் இல்லை, படை நொறுங்கியதற்கான விலை என்று வாதாடலாம். நானே வாதாடியிருக்கிறேன். ஆனாலும் அந்த ஊர்களில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஆக, உதவி வாங்கினாயா இல்லையா என்பதோடு கேள்வி நிற்காது. கொடுத்தவன் நிறுத்து என்றால் நிறுத்தாமல் இருக்க உன்னால் முடியுமா? துப்பாக்கிக்குச் சம்பளம் யார் தருகிறார்? கூட்டத்தில் இருக்கிற சங்கக்காரன் எழுந்து 'இது வேண்டாம்' என்றால் அவன் மறுநாள் உயிரோடு இருப்பானா? துருக்கியிடம் வாங்கிய சிரியக் குழுக்கள் பல இந்தக் கேள்விகளில் தோற்றன. குர்துகளின் ஊரான அஃப்ரினுக்குள் 2018இல் துருக்கிப் படைக்கு முன்னால் நடந்தவர்கள் அவர்கள்தான். இதில் நீங்கள் சொன்னது சரி.

20 டிசம்பர், மதியம் 1.15

போலந்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 1980 ஆகஸ்டில் க்டான்ஸ்க் கப்பல் தளத் தொழிலாளர்கள் வைத்த இருபத்தொரு கோரிக்கைகளை எடுத்துப் படியுங்கள். சுதந்திரச் சங்கம், வேலைநிறுத்த உரிமை, சம்பளத்தோடு மூன்று ஆண்டு மகப்பேறு விடுப்பு, ஓய்வு வயதைக் குறைப்பது, வீட்டுக்குக் காத்திருக்கும் காலத்தைக் குறைப்பது. எந்த முதலாளி எழுதித் தந்திருப்பான் இதை? ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் 'சாலிடாரிட்டி'யில் சேர்ந்தார்கள். தொழிலாளர் அரசு என்று பெயர் பலகை மாட்டிய அரசு 1981 டிசம்பர் 13 அன்று அவர்கள் மீது டாங்கி ஓட்டியது.

அதன் பிறகு சங்கம் தலைமறைவாகக் கிடந்த காலத்தில்தான் அமெரிக்க உளவுத்துறைப் பணம் கணிசமாக வந்தது. வாட்டிகனும் இருந்தது. மறுக்கவில்லை. 1989 ஜூன் 4 அன்று தேர்தலில் வென்றார்கள். ஆம், பெய்ஜிங்கில் டாங்கிகள் ஓடிய அதே நாள், அதே நாள். 1990 ஜனவரி 1 முதல் அதிர்ச்சி வைத்தியம், விலைக் கட்டுப்பாடு நீக்கம், ஆலை மூடல். போராட்டம் பிறந்த அந்தக் கப்பல் தளமே 1996இல் திவாலானது.

'பார்த்தீர்களா, நான் சொன்னேனே' என்பீர்கள். இதில் எனக்குச் சுலபமான பதில் இல்லை. கோடிப் பேர் கொண்ட சங்கத்தை அடித்து ஒடுக்கி, அறிவாளிகளையும் பாதிரியார்களையும் மட்டும் மேசைக்கு அழைத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஒரு வாதம் உண்டு. நான் அதைப் பாதி நம்புகிறேன். மீதிப் பாதி, அந்தத் தொழிலாளர்களுக்கே 'சோசலிசம்' என்ற சொல் கசந்துவிட்டது. கசக்க வைத்தது யார் என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு நகர்கிறேன்.

21 டிசம்பர், இரவு 8.00

'டாங்கி' என்று யாரோ யாரையோ திட்டியிருக்கிறார்கள், அவர் அர்த்தம் கேட்கிறார். வசைதான். ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கி போனதை ஆதரித்த பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளை அவர்கள் தோழர்களே அப்படிக் கூப்பிட்டார்கள். 1956 நவம்பர் 4 புடாபெஸ்ட். மறுநாள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் சூயஸில் இறங்கின. ஒரு வல்லரசு செய்ததை மற்றது செய்ததை வைத்து மூடிக்கொள்ள இருவருக்குமே வசதி. கட்சிப் பத்திரிகைக்காக ஹங்கேரி போன பீட்டர் ஃப்ரையர் தான் பார்த்ததை எழுதினார், தொழிலாளர் மன்றங்களைப் பற்றி எழுதினார். பத்திரிகை வெட்டியது. வேலையை விட்டார், கட்சி அவரை நீக்கியது. அவர் சாகும்வரை மார்க்சியராகத்தான் இருந்தார்.

ஈரானையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1978 கடைசியில் மன்னர் ஷாவின் முதுகெலும்பை முறித்தது எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம். தூதே கட்சி, ஈரானின் பழைய கம்யூனிஸ்ட் கட்சி, மதத் தலைவர் கொமெய்னி அமெரிக்காவை எதிர்க்கிறார் என்ற ஒரே கணக்கில் அவர் பின்னால் நின்றது. மற்ற இடதுசாரிகளை அடித்தபோதும், பெண்கள் முக்காட்டுக்கு எதிராக 1979 மார்ச்சில் தெருவுக்கு வந்தபோதும், 'இப்போது அதற்கு நேரமில்லை' என்றது. 1983இல் அதன் முறை வந்தது. தலைவர்களைத் தொலைக்காட்சியில் உட்கார வைத்து, நாங்கள் உளவாளிகள் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். 1988 கோடையில் சிறைகளில் ஆயிரக்கணக்கானோரைத் தூக்கிலிட்டார்கள், அவர்களில் தூதே கட்சியினரும் உண்டு. கைக்கூலி என்ற சொல் போய்ச் சேர்ந்த இடம் அது.

23 டிசம்பர், காலை 6.45

உக்ரைன் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சுருக்கமாக: 2014 மைதான் எழுச்சியில் யார் யார் இருந்தார்கள் என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடலாம், வலதுசாரிகள் இருந்தார்கள், அமெரிக்க அதிகாரிகள் மூக்கை நுழைத்தார்கள். 2022 பிப்ரவரி 24 அன்று எல்லை தாண்டிப் படை வந்தது வேறு விஷயம். அதற்கு விரிவாக்கம் காரணம், நேட்டோ காரணம் என்று எத்தனை காரணம் அடுக்கினாலும் படையெடுப்பு படையெடுப்புதான். ரஷ்யாவிலேயே இதைச் சொன்ன இடதுசாரி போரிஸ் ககர்லித்ஸ்கி ஐந்து ஆண்டு தண்டனையோடு சிறையில் இருக்கிறார். பிரெஷ்னேவ் காலத்திலும் உள்ளே இருந்தவர், எல்ட்சின் காலத்திலும் பிடிபட்டவர். மனிதர் ஒரு ஆட்சியையும் விட்டுவைக்கவில்லை.

26 டிசம்பர், இரவு 10.05

அந்த 1989 மூத்த தோழருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டிருந்தார். எண்பத்து மூன்று வயது. இன்று மாலை போனில் கூப்பிட்டேன். இப்படி ஒரு விவாதம் நடக்கிறது அய்யா, அந்தச் சுவரொட்டியைப் பற்றியும் எழுதிவிட்டேன் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"என்ன எழுதியிருக்கிறாய்?" என்றார்.

வாசித்துக் காட்டினேன். ஹான் பெயர் வந்த இடத்தில் "யார் அது?" என்று கேட்டார். சொன்னேன். காசநோய், நுரையீரல் எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"பிழையே இல்லை என்று எழுதியிருக்கிறாயே," என்றார். "முறியடிப்புக்குச் சின்ன ரி போட்டிருந்தாய். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு நான்தான் சிவப்பு மை வாங்கிப் போய்த் திருத்தினேன்."